பறவை பொறித்த பழங்காசுகள்

பழங்காசு சேகரிப்பவர்கள் ஆளுக்கொரு வரம்பு வைத்திருப்பார்கள். ஒருவர் ஓர் அரசமரபோடு நின்றுவிடுவார், இன்னொருவர் ஒரே நகரத்தின் காசுகளைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். நான் பறவைகளோடு நிற்கிறேன். கொழும்பில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவனுக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. தங்கத்தையும் பெயர்பெற்ற பெருங்காசுகளையும் ஆசைப்படாமல், தேய்ந்த செம்பிலும் சிறிய வெள்ளியிலும் மனநிறைவு கொள்ளத் தெரிந்தால் கட்டுப்படியாகும் என்பதே என் பதில்.

ஒரு காசைக் கையில் எடுத்ததும் முதலில் எனக்குள் எழுவது, இதன் அச்சை வெட்டியவன் அந்தப் பறவையை நேரில் பார்த்தவனா, அல்லது ஏற்கெனவே இருந்த ஓர் உருவத்தைப் பார்த்து வெட்டியவனா என்ற கேள்விதான். அரசர் யார், எடை என்ன, எத்தனை அரியது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. நாணயவியல் அறிஞர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் காசுகளை நான் சேர்ப்பதும் வைத்துக்கொள்வதும் இந்தக் கேள்வியின் அடிப்படையில்தான்.

உலகம் முழுவதும் அறிந்த ஏதென்ஸ் ஆந்தை இந்தக் கேள்விக்கு முன்னால் சற்றுத் தடுமாறவே செய்கிறது. நான்கு திராக்மா மதிப்புக் கொண்ட அந்த வெள்ளிக் காசு 17.2 கிராம் அளவில் நிற்கும். ஒரு பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவியும் மறுபக்கத்தில் ஆந்தையும் இருக்க, ஆந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒலிவ் இலைக்கொத்தும் சின்னஞ்சிறு பிறையும், எதிரே நகரின் பெயரைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகளும் காணப்படும். ஏதென்ஸுக்கு உரிய லோரியன் சுரங்கங்களில் கி.மு. 483 அளவில் வளமான வெள்ளிப் படிவு அகப்பட்டதும், அந்த வருவாயை மக்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல் போர்க்கப்பல் கட்டச் செலவிடும்படி ஏதென்ஸின் அரசியல் தலைவர் தெமிஸ்தோக்கிளிஸ் இணங்கவைத்ததும், அந்தக் கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்ததும் வரலாற்று மாணவர் அறிந்தவை. அதன் பின்னர் எகிப்திலிருந்து மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவந்தின் துறைமுகங்கள் வரை வணிகர்கள் நம்பி வாங்கும் பணமாக ஆந்தைக் காசு ஆகிவிட்டது. வணிகர் நம்பும் பணத்தின் உருவத்தை மாற்ற எந்த அரசும் தயங்கும். பார்த்தெனன் கோயிலின் சிற்பங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலும், காசின் மேல் இருந்த அதீனாவின் கண் பக்கவாட்டு முகத்தில் நேரே பார்க்கும் கண்ணாகவே பழைய பாணியில் இருந்தது. ஆந்தையும் அப்படியே உறைந்துபோயிற்று. அது ஒரு நகரத்தின் முத்திரை. அதில் பறவையைத் தேடுபவனுக்கு இரண்டு வட்டக் கண்கள்தான் மிஞ்சும்.

இத்தனைக்கும் அந்த ஆந்தை கற்பனைப் பறவையல்ல. கிரேக்க நாட்டில் இன்றும் கற்சுவர்களிலும் ஒலிவ் தோப்புகளிலும் பகல் வெளிச்சத்திலேயே காணக்கூடிய சிற்றாந்தை அது. அறிவியலாளர் அதன் பேரினத்துக்கு அந்தத் தேவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த புள்ளி ஆந்தை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. பாக்கு நீரிணை அவ்வளவு ஒடுங்கியதாக இருந்தும் அது இலங்கையில் இல்லை என்பது பறவை பார்ப்பவர்களுக்கு நெடுநாள் வியப்பு. கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்திலும் இந்தப் பழைய ஆந்தைக் காசின் உருவமே இருப்பதால், அங்கே போய்வந்த உறவினர் யாராவது சில்லறை மிச்சம் வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது செலவில்லாத தொடக்கம்.

இதற்கு நேர்மாறானது ஏயோன் வாத்து. மாசிடோனியக் கரையில் ஸ்ட்ரைமோன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஏயோன் என்ற ஊருக்கு உரியவையாகக் கொள்ளப்படும் இந்தச் சிறு வெள்ளிகள் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. பல ஒரு கிராம் எடைகூட வராது. சுண்டுவிரல் நகத்தளவு வட்டத்துக்குள் ஒரு பெருவாத்து நின்று, கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்துத் திரும்பிப் பார்க்கிறது. அதற்கு மேலே ஒரு பல்லி. பின்பக்கத்தில் எழுத்தோ தெய்வமோ இல்லை, அடித்த அச்சின் சதுரக் குழி மட்டுமே உண்டு. வாத்து அப்படித் திரும்பும்போது மார்பு முன்னே பிதுங்குவதையும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இறகுகள் தடிப்பதையும், எடை முழுவதும் ஒரு காலுக்குப் போவதையும் அச்சு வெட்டியவன் கவனித்திருக்கிறான். ஆற்றங்கரையில் நாள்தோறும் வாத்துகளைப் பார்த்து வளர்ந்தவனாலன்றி இது ஆகாது. பல்லி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கங்களைவிடப் பல்லி இருக்கும் இடமே பிடித்திருக்கிறது. வளைந்த கழுத்தால் உண்டாகும் வெற்றிடத்தை அது மிகச் சரியாக நிரப்புகிறது.

என்னிடம் இருப்பவற்றில் இந்த வாத்தோடு ஒப்பிடத்தக்கது சிக்கியோன் நகரத்துப் புறா மட்டும்தான். கொரிந்துக்கு அருகிலிருந்த அந்த நகரம் தன் வெள்ளியிலும் செம்பிலும் புறாவைப் பல நிலைகளில் பொறித்தது. பறக்கும் புறா, தரையிறங்கும் புறா, குனிந்து இரை பொறுக்கும் புறா என்று வகைகள் உண்டு. பெரிய வெள்ளிக் காசுகளில் மறுபக்கம் சிங்க உடலும் ஆட்டுத் தலையும் பாம்பு வாலுமாகக் கிமேரா என்னும் விலங்கு நிற்கும். எனக்குக் கிடைத்தது விலை மலிந்த செம்பு. ஓரம் தேய்ந்து, பின்பக்கத்து மாலைக்குள் இருந்த எழுத்து பாதி போய்விட்டது. ஆனாலும் மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளி விழும்படி பிடித்தால், பறக்கும் புறாவின் இரு சிறகுகளும் ஒரே தளத்தில் இல்லை என்பது தெரியவரும். அருகிலுள்ள சிறகு கீழே அடித்து முடிந்த நிலையில் இருக்க, அப்பாலுள்ள சிறகின் நுனி மட்டும் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. வால் இறகுகள் விசிறியாக விரிந்திருக்கின்றன. இறங்கப் போகும் புறா வாலை அப்படித்தான் விரிக்கும். கொள்ளுப்பிட்டிச் சந்தைக் கூரையில் இறங்கும் புறாக்களைப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

சிசிலித் தீவின் காசுகளில் பறவைகள் அரசியலும் பேசுகின்றன. அந்தத் தீவின் வடகரையில் இருந்த ஹிமேரா நகரம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் வெள்ளியில் சேவலைப் பொறித்தது. பின்னர் மறுபக்கச் சதுரத்துக்குள் பெட்டைக்கோழி வந்தது. காசுகளில் சேவலைப் பல ஊர்கள் வைத்திருக்கின்றன, பெட்டைக்கு இடம் கொடுத்த ஊர் அரிது. கி.மு. 483 அளவில் தென்கரையின் அக்ரகாஸ் நகரத்து ஆட்சியாளன் தேரோன் ஹிமேராவைக் கைப்பற்றினான். அதன் பிறகு வந்த காசுகளில் சேவல் தன் இடத்தில் நிற்கிறது, பெட்டை இருந்த இடத்தில் அக்ரகாஸின் சின்னமான நண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு நகரம் தன் சுதந்திரத்தை இழந்த செய்தியை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆவணம் வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்த அக்ரகாஸின் சொந்தப் பறவை கழுகு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெளிவந்த பெருங்காசுகளில் இரண்டு கழுகுகள் செத்த முயலொன்றின் மேல் நிற்கின்றன. ஒன்று தலையைப் பின்னே சாய்த்து அலகைத் திறந்து கத்துகிறது, மற்றது குனிந்து கொத்தப் போகிறது. கி.மு. 406இல் கார்த்தேஜியர் அந்த நகரத்தை அழித்துவிட்டனர். இக்காசுகளின் விலை என்னைப் போன்றவர்கள் பேசக்கூடியதல்ல. நூல்களின் படத்தகடுகளில் பார்த்துக்கொள்ளலாம்.

எகிப்தை ஆண்ட தொலமி மரபின் கழுகு அப்படியல்ல, அதைக் கையில் வாங்கி எடை பார்க்கலாம். முதலாம் தொலமி குழந்தையாகக் கைவிடப்பட்டபோது ஒரு கழுகு சிறகை விரித்து நிழல் கொடுத்துக் காத்தது என்ற கதை பழைய நூல்களில் உண்டு. சகுந்தலையின் கதை தெரிந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இடியாயுதத்தின் மேல் நிற்கும் அந்தக் கழுகு ஏறத்தாழ 300 ஆண்டுகள், கி.மு. 30இல் கிளியோபாத்ராவோடு மரபு முடியும்வரை, பெரிய மாற்றமின்றி வந்தது. செப்புக் காசுகளில் மிகப் பெரியவை 90 கிராமைத் தாண்டும். என்னுடையது அதில் பாதிகூட இல்லை. பல காசுகளில் இருபுறமும் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். வாங்கப் புதிதாக வருபவர்கள் அதைச் சேதம் என்று நினைத்துப் பேரம் பேசுவார்கள். அது வில்லையை, அதாவது அச்சடிக்குமுன் உள்ள வெற்று உலோக வட்டை, தயாரித்தபோது உண்டான குழி. கழுகைப் பற்றிச் சொன்னால், கம்பீரமான சின்னம், மந்தமான பறவை. காவற்காரன்போல நிற்கிறது.

உரோமரின் பறவைகளை நான் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். இறந்த பேரரசன் தெய்வமானதைச் சொல்லக் கழுகு, இறந்த அரசி தெய்வமானதைச் சொல்ல மயில் என்று அங்கே பறவைகள் பதவிக்கேற்ப ஒதுக்கப்பட்டிருந்தன. மூத்த ஃபாஸ்தினா கி.பி. 140இல் இறந்த பின் வந்த வெள்ளிகளில் அந்த மயிலைப் பார்க்கலாம். மார்க் அந்தோனி கி.மு. 32-31இல் தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அடித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகளில் இருக்கும் கழுகு, கொடிக்கம்பத்தின் உச்சியிலுள்ள உலோகக் கழுகு. அதாவது, சின்னத்தின் சின்னம். ஒரே ஒரு விலக்கு கி.மு. 81இல் மெத்தெல்லுஸ் பியுஸ் வெளியிட்ட தெனாரியஸ். கடமையுணர்வைக் குறிக்கும் தேவியின் முகத்துக்கு முன்னால் ஒரு நாரை நிற்கிறது. முதிய பெற்றோருக்கு இரை ஊட்டும் பறவையென்று நாரையைப் பழங்காலத்தவர் நம்பினர். மறுபக்கத்தில் யானை. நாரையும் யானையும் ஒரே காசில் வருவது நம் நாட்டுச் சேகரிப்பாளருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

மயில் என்று வந்தால் உரோமை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்ப வேண்டும். சத்லஜ் ஆற்றுக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருந்த யௌதேயர் அரசனில்லாக் குடிகள். அவர்கள் கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் வெளியிட்ட செப்புக் காசுகளில் முருகன் வேலேந்தி நேராக நிற்கிறான், காலடியில் மயில். யௌதேய கணத்துக்கு வெற்றி என்று பிராமி எழுத்துகள் சுற்றி ஓடுகின்றன. நாடே அந்தத் தெய்வத்துக்கு உரியது என்பது அவர்களின் எண்ணம். கதிர்காமத்தைத் தெற்கிலும் நல்லூரை வடக்கிலும் வைத்திருக்கும் நமக்கு, வேலும் மயிலும் ஒரு மக்கள்கூட்டத்தின் பணமாகப் புழங்கின என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் என் பழைய கேள்வியைக் கேட்டால், யௌதேயர் மயில் ஒரு வாகனமாகவே நிற்கிறது. மயிலை மயிலாகப் பார்த்தவர்கள் குப்தர் அவையின் அச்சு வெட்டிகள்.

முதலாம் குமாரகுப்தன் கி.பி. 415 முதல் 455 அளவில் ஆண்டவன். அவனுடைய தங்கக் காசு வகையொன்றில் அரசன் சற்றே குனிந்து மயிலுக்கு இரை நீட்டுகிறான். மயில் கழுத்தை மேலே நீட்டி அதை வாங்குகிறது. மறுபக்கத்தில் கார்த்திகேயன் மயில்மேல் வீற்றிருக்கிறான். பெயரில் குமாரனைக் கொண்ட அரசன் ஒரு பக்கம், குமாரக் கடவுள் மறுபக்கம். இருவருக்கும் இடையில் பொதுவாக அந்தப் பறவை. 1946இல் இராஜஸ்தானத்தின் பயானா அருகே கிடைத்த, 1800க்கும் மேற்பட்ட குப்தர் தங்கக் காசுகள் கொண்ட பெரும் புதையலிலும் இந்த வகை இருந்தது. மயில் தலையைப் பின்னுக்கு இழுத்து, பிறகு நீட்டி, ஐயத்தோடு இரை எடுக்கும் பழக்கத்தை வெட்டியவன் கண்டிருக்கிறான். அரசனின் குனிவும் அதற்கேற்ற எச்சரிக்கையோடு இருக்கிறது. அரச கம்பீரத்தைக் காட்ட வேண்டிய காசில் அரசனைக் குனிய வைத்த துணிச்சலை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

தங்கம் எனக்கு எட்டாது. அதே அரசனின் வெள்ளி எட்டியது. இரண்டு கிராமைச் சற்றே தாண்டும் அந்தச் சிறு காசில் ஒரு பக்கம் அரசனின் தலை, மறுபக்கம் தோகை விரித்து நேரே நோக்கும் மயில். பூமியை வென்ற குமாரகுப்தன் விண்ணையும் வெல்கிறான் என்ற பொருளில் வாசகம் சுற்றிவர ஓடும். என் காசில் அந்த வாசகத்தின் பாதி வில்லைக்கு வெளியே போய்விட்டது. அச்சு பெரியது, வில்லை சிறியது என்பதால் இவ்வகையில் அது பெரும்பாலும் நேர்வதே. மயிலின் உடல் ஒரு சிறு புள்ளியளவுதான். அதிலிருந்து கோடுகள் கிளம்பித் தோகையாகின்றன, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு பொட்டு. இதே உருவத்தை ஸ்கந்தகுப்தனும், பின்னர் ஹூணத் தலைவன் தோரமாணனும், மௌகரி அரசரும் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். பின்னே செல்லச் செல்ல மயில் கோடுகளின் கட்டாகத் தேய்ந்துபோவதை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பறவையைப் பார்த்து வெட்டியவனின் வேலை எங்கே முடிந்து, காசைப் பார்த்து வெட்டியவனின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

இலங்கையின் பழங்காசுகளில் பறவை எது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. யானையும் சுவஸ்திகையும் கொண்ட பெரிய செப்புக் காசு, இலட்சுமித் தகடு, பொலன்னறுவைக் காலத்தில் மஸ்ஸ எனப்பட்ட செப்புக் காசு, நந்தியும் சேது என்ற தமிழ் எழுத்தும் பொறித்த யாழ்ப்பாண அரசின் காசு ஆகிய நன்கறியப்பட்ட வகைகளில் பறவைக்கு முதன்மை இடம் இல்லை. இங்கும் இந்தியாவிலும் புழங்கிய முத்திரை குத்தப்பட்ட வெள்ளிக் காசுகளின் குடும்பத்தில், ஐந்து வளைவுள்ள குன்றின்மேல் மயில் நிற்கும் குறி மௌரியர் காலத்து வகைகளில் வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையில் 1917 முதல் ஆய்வு செய்த போல் பீரிஸ் முத்திரைக் காசுகளையும் உரோமக் காசுகளையும் அங்கே கண்டெடுத்தார். கொழும்பு நூதனசாலை 1924இல் வெளியிட்ட கொட்றிங்டனின் நாணய நூலைப் புரட்டினால் இத்தீவின் காசுகளைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு இன்றும் தொடக்கம் கிடைக்கும். கோட்டையில் சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் நூதனசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் உள்ளவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் உள்ளூர்க் காசுகளை நான் வாங்குவதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணுக்குள் இருப்பது காணிக்காரருக்கு அன்றி அரசுக்கே உரியது. நாட்டுக்கு வெளியே கொண்டு போகத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, எங்கே எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற செய்தி அறுந்த காசு பாதிக் காசுதான். இந்தியாவும் தன் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் தனியார் கையால் வெளியேறுவதைத் தடுக்கிறது. ஆகவே யௌதேயரையும் குப்தரையும் நெடுங்காலத்துக்கு முன்பே ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பழைய சேகரிப்புகளிலிருந்து, பற்றுச்சீட்டோடும் முந்திய உடைமை விவரத்தோடும் ஏலத்துக்கு வரும்போது மட்டுமே வாங்குகிறேன். இதனால் விலை கூடும், வாய்ப்பும் குறையும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆந்தைக் காசைப்போல் போலி செய்யப்பட்டது வேறில்லை. அச்சால் அடித்த காசின் விளிம்பில் உலோகம் பிதுங்கி வெடித்த கீறல்கள் இருக்கும். வார்த்த போலியின் விளிம்பில் இரண்டு அச்சுப்பாதிகள் சேர்ந்த கோட்டை அரம் வைத்து ராவிய தடம் தெரியும், பரப்பில் காற்றுக் குமிழின் நுண்குழிகள் இருக்கும். ஆடிவேல் தேர் புறப்படும் செட்டியார் தெருவில் தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கப் போனபோது, நண்பரொருவர் உல்லாசப் பயணத்தில் வாங்கிவந்த ஆந்தையை அங்கிருந்த முதிய நகைத் தொழிலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடத் தேடாமல், விரலால் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு, "இது அடிச்ச காசில்லைத் தம்பி, வார்த்தது" என்று திருப்பித் தந்தார். தூய வெள்ளியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 10.5 மடங்கு. காற்றில் ஒருமுறையும் நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்தால் ஈயமோ செம்போ உள்ளே ஒளிந்திருப்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்தப் பெரியவரின் விரலுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

கொழும்பில் போலியைவிடப் பெரிய பகை ஈரப்பதன். கடலிலிருந்து சில தெருக்கள் உள்ளே இருந்தாலும் உப்புக் காற்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. செப்புக் காசின் உள்ளே பழைய மண்ணிலிருந்து ஏறிய குளோரைட்டு இருந்தால், ஈரம் பட்டதும் அது மீண்டும் வினைபுரியத் தொடங்கும். கெட்டியான பழைய களிம்பு காசுக்குப் போர்வை. அதன்மேல் வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து, விரல் பட்டால் உதிர்வதோ நோய். தொலமிக் கழுகின் சிறகோரத்தில் அது தலைகாட்டியபோது, முள்முனையால் தூளை அகற்றி, வடிநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, கடைசியில் நன்றாக உலர்த்தி வைத்தேன். இப்போது எல்லாக் காசுகளும் இறுக்கமாக மூடும் பெட்டிக்குள், நிறம் மாறும் சிலிக்கா மணிகளோடு இருக்கின்றன. மணிகள் நிறம் மாறினால் அடுப்பில் மெல்லச் சூடாக்கி மீண்டும் வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. இருந்தால் அது நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும், ஆகவே மைலர் என்னும் பாலியெஸ்டர் தாளாலான உறைதான் நல்லது. வெள்ளியைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லும் உறவினர்களிடமிருந்தும் காசுகளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இனித் தேடுவது ஒரு பெட்டைக்கோழியை. சேவலும் பெட்டையும் இருபுறமும் உள்ள ஹிமேரா வெள்ளியில் தேய்ந்ததொன்று, உடைமை விவரத்தோடு, என் சம்பளத்துக்குள் வருமானால் அதை வாங்குவேன். வராவிட்டால் அயோத்தியை ஆண்ட மித்திர அரசர்களின் செப்புக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் எருது, மறுபக்கம் பனைபோன்ற மரத்தடியில் சேவல். அதில் நல்ல படிமம் ஒன்றைப் படத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். சேவல் ஒரு காலைத் தூக்கி நிற்கிறதா, அல்லது அந்த இடத்தில் அச்சு உடைந்திருக்கிறதா என்பதைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.